மாயமும் மறைப்பும்: கடைசி ரொமானொவ் குடும்பம் பற்றிய புனைவுகளும் வாசகர் கருத்தும்

ருஷ்யாவை 1613ஆம் ஆண்டு முதல் 1917ஆம் ஆண்டு வரை ஆண்ட ரொமானொவ் வம்சத்தின் இறுதிக் குடும்பம், 1918 ஜூலை 16ஆந் திகதி நள்ளிரவு கடந்த பின்னர், யூரல் பிரதேசத்து யெக்கத்தரின்பேர்க் நகரில் ஒரு வீட்டின் கீழறையிற் சுட்டுக் கொல்லப்பட்டது. அன்று தொட்டு அக்குடும்பத்தைப் பொருளாகக் கொண்டு எழுந்த நாடகங்களும் நாவல்களும் திரைப்படங்களும் மிகப் பல. அண்மைக் காலத்தில் மந்திரமும் மாயமும் கலந்த வரலாற்றுப் புனைவுகளும் அவற்றோடு சேர்ந்துள்ளன. அமெரிக்க எழுத்தாளரான நடீன் பிராண்டெஸ் 2019இல் வெளியிட்ட ‘ரொமானொவ்’ என்னும் நாவலில், சாரின் கடைசி மகள் அனஸ்தாஸியா காவலர் அறியாவண்ணம் மந்திரம் ஒன்றைச் சிறைவீட்டினுள் மறைத்து வைத்திருக்கிறாள். 1997இல் வெளிவந்த ‘அனஸ்தாஸியா’ என்னும் சித்திரப்படத்திலோ, ருஷ்யப் புரட்சியே ரஸ்புட்டீன் என்னும் சூனியக்காரனின் சாபத்தால் விளைகின்றது.

இத்தகைய படைப்புக்களைப் பற்றி வாசகர் கூறும் கருத்துக்களைக் கேட்கும்போது சில குரல்கள் மீண்டும் மீண்டும் ஒலிக்கக் காண்கிறோம். குற்றமற்ற பிள்ளைகளுக்கு நேர்ந்த கதியை எண்ணி உருகுவோரே பெரும்பாலோர். உண்மையில் தப்பாத அப்பெண் கதையிலாவது தப்பினாளே என அவர்கள் ஆறுதல் அடைகின்றனர். கதையை வரலாறாகக் கொள்ளலாமா என்று கடிந்துகொள்வோர் உளர். கதை கதைதானே, அதனிடம் கணக்குக் கேட்பதேன் என்போரும் உளர். நம்மைப் போன்ற முற்போக்கு வாசகரிடையே பெரிதும் கேட்கும் குரல் வேறொன்று. வீழ்ந்த முடியாட்சிக்காக வடிக்கப்படும் கண்ணீர் இது, பிற்போக்கு ஏக்கம் இது என்று கூறி நூலை மூடிவைக்கும் குரல் அது. அக்குரலில் உண்மை உண்டு. ஆயினும் அது போதுமானதன்று. ஓர் ஐதீகத்தைக் கண்டிப்பதாலே அது தோன்றிய காரணம் விளங்கிவிடாது. நூறு ஆண்டுகள் கடந்தும் இக்கதை ஏன் உயிர்வாழ்கிறது, அதன் இரு தூண்களாகிய சூனியக்காரனும் தப்பிய இளவரசியும் எங்கிருந்து வந்தனர் என்பனவே நாம் கேட்க வேண்டிய வினாக்கள்.

முதலில் இக்கதைகள் எங்கே தொடங்குகின்றன என்பதை நோக்குவோம். இவற்றிற் பல, முடிதுறந்த மன்னன் மனைவி மக்களுடன் காவலில் இருக்கும் காலத்தையே களமாகக் கொள்கின்றன. இபாத்தியெவ் என்பாரின் வீட்டில் நிக்கலஸ் கழித்த நாட்கள் 78. சன்னற் கண்ணாடிகளுக்கு வெள்ளைச் சாயம் பூசப்பட்டிருந்த அவ்வீட்டினுள் அதிகாரம் காவலரிடம், துன்பம் குடும்பத்தவரிடம். அந்த 78 நாட்களை மட்டும் பார்ப்பவனுக்கு மன்னன் நல்ல தந்தையாகவும் காவலர் கொடியவராகவும் தோன்றுவது இயல்பே. அவன் நல்ல தந்தையாக இருந்தான் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அவன் ஆண்ட இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கதையின் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

அக்காலத்தில் நிகழ்ந்தவை யாவை? 1896 மே மாதம் முடிசூட்டு விழாவை ஒட்டி மொஸ்கோவின் கொடின்கா வெளியில் அன்பளிப்புப் பொருள் பெறத் திரண்ட மக்கள் நெரிசலில் அகப்பட்டு இறந்தனர். அரசின் கணக்குப்படியே இறந்தோர் 1,389 பேர். அன்றிரவு பிரெஞ்சுத் தூதர் அளித்த நடன விருந்துக்கு மன்னனும் அரசியும் சென்றனர். 1903இல் கிஷினெவ் நகரில் யூதர்மீது நிகழ்ந்த படுகொலையில் ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். 1905 ஜனவரி 22இல், மனுவொன்றை ஏந்தி மன்னனின் மாளிகையை நோக்கிச் சென்ற தொழிலாளர்மீது படையினர் சுட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில், யூத எதிர்ப்பைக் கொள்கையாகவே கொண்ட ‘ருஷ்ய மக்கள் ஒன்றியம்’ அளித்த சின்னங்களைத் தனக்கும் தன் மகனுக்குமாக நிக்கலஸ் ஏற்றுக்கொண்டான். 1912இல் லேனா தங்கச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தோரில் நூற்றுக்கும் மேற்பட்டவர் சுடப்பட்டு இறந்தனர். 1914இல் தொடங்கிய போரில் மாண்ட ருஷ்யப் படையினர் பதினைந்து இலட்சத்திற்கும் அதிகம். இவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தனர். இவர்களுள் ஒருவனுக்கேனும் உயிர்தரும் மந்திரத்தை எந்தப் புனைவாசிரியரும் அளித்ததாக நாம் அறியோம்.

இவ்வளவும் கூறியபின், சூனியக்காரனின் கதைக்கு வருவோம். ரஸ்புட்டீன் சைபீரியக் கிராமமொன்றிற் பிறந்த குடியானவன். அரண்மனையில் அவன் செல்வாக்குப் பெற்றமைக்குக் காரணம் இளவரசன் அலெக்ஸியின் நோய். 1904இற் பிறந்த அச்சிறுவனுக்குக் குருதி உறையாத ஹீமோபீலியா நோய் இருந்தது. பெற்றோர் அதனை அரச இரகசியமாக வைத்தனர். முடிக்குரியவன் எந்நேரமும் இறக்கக்கூடியவன் என்பதை நாடு அறியலாகாது என அவர்கள் கருதினர். விளைவு யாது? எழுத்தறிவற்றவனை ஒத்த ஒரு குடியானவன் அரசியின் அறைவரை ஏன் சென்றுவருகிறான் என்பதற்கான மெய்யான காரணத்தை மக்கள் அறியவில்லை. அறியாத இடத்தை வதந்தி நிரப்பியது. அரசியின் காதலன் என்றனர். ஜேர்மனியின் ஒற்றன் என்றனர். வசியம் வைத்தவன் என்றனர். 1967இல் ‘நிக்கலஸும் அலெக்சாந்திராவும்’ என்னும் நூலை எழுதிய றொபேர்ட் மஸ்ஸி இந்நோயை முதன்மைப்படுத்தினார். அவருடைய மகனுக்கும் இதே நோய் இருந்தமையால் அந்நூலின் அப்பகுதிகளில் உண்மையான பரிவு உண்டு. ஆயினும் ஒரு சிறுவனின் குருதியை வைத்து ஒரு பேரரசின் வீழ்ச்சியை விளக்க முற்படுவது, சாபத்திற்குப் பதிலாக நோயை வைப்பது அன்றி வேறன்று.

சூனியக்காரனே கேட்டுக்குக் காரணம் என்ற கொள்கை சித்திரப்படக்காரர் கண்டுபிடித்ததன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அதனை முதலில் நம்பிச் செயற்பட்டோர் பிரபுக்களே. 1916 டிசெம்பர் இறுதியில் இளவரசர் யூசுப்பொவ், சாரின் உறவினரான திமித்ரி, வலதுசாரி அரசியல்வாதி புரிஷ்கெவிச் ஆகியோர் கூடி ரஸ்புட்டீனைக் கொன்றனர். அவனை அகற்றினால் முடி நிலைக்கும் என்பது அவர்கள் எண்ணம். மூன்று மாதங்கள் கழியுமுன் முடி வீழ்ந்தது. 1917 மார்ச் 8இல், அனைத்துலக மகளிர் தினத்தன்று, பெற்றோகிராட்டின் வைபோர்க் பகுதியில் நெசவாலைப் பெண்கள் பாண் கேட்டு வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். உலோகத் தொழிலாளர் அவர்களோடு சேர்ந்தனர். நான்கு நாட்களில் நகரக் காவற்படையினரும் மாறினர். 15ஆந் திகதி சார் முடிதுறந்தான். இந்த ஒரு வாரத்தில் ரஸ்புட்டீனுக்கு யாதொரு பங்கும் இல்லை. அவன் கல்லறையில் இருந்தான்.

சாரின் வீழ்ச்சியைத் தமிழில் முதலிற் பாடிய பாரதியும் தெய்வத்தின் அருட்பார்வையே அதற்குக் காரணம் என்றார் என இங்கு ஒருவர் தடை கூறலாம். உண்மையே. ஆனால் ‘புதிய ருஷியா’ப் பாடலில் அத்தெய்வப் பார்வை உழுது பயிர்செய்தும் உணவின்றி வாடுவோர்பாற் செல்கிறது. அங்கு மாயம் மக்களை மறைக்கவில்லை. சித்திரப்படத்தில் மாயம் வருவதே மக்களை மறைப்பதற்காக. மாயம் கலப்பதனாலேயே ஒரு படைப்புப் பொய்யாகிவிடும் என நாம் வாதிடவில்லை என்பதை இவ்வேறுபாடு தெளிவுபடுத்தும்.

இனி, தப்பிய இளவரசி. இவ்விடத்தில் நம்மவர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏனெனில் இந்த ஐதீகத்தை ஆக்கியோர் வெளிநாடு சென்ற பிரபுக்கள் அல்லர். சோவியத் அரசின் அறிக்கையே அதன் வித்து. கொலை நிகழ்ந்த சில நாட்களில் வெளியான உத்தியோகபூர்வ அறிவித்தல், நிக்கலஸ் சுடப்பட்டான் என்றும் அவன் குடும்பத்தவர் பாதுகாப்பான இடத்திற்கு அனுப்பப்பட்டனர் என்றும் கூறியது. உண்மையில் அவ்வறையில் மாண்டோர் பதினொருவர். மன்னன், அரசி, ஒல்கா, தத்தியானா, மரியா, அனஸ்தாஸியா என்னும் நான்கு பெண்மக்கள், பதின்மூன்று வயதுச் சிறுவன் அலெக்ஸி, மருத்துவர் பொட்கின், பணிப்பெண் அன்னா தெமிதொவா, சமையற்காரர் கரித்தொனொவ், ஏவலாளர் த்ரூப். பெண்பிள்ளைகளின் உள்ளாடைகளில் மறைத்துத் தைக்கப்பட்டிருந்த வைரங்களிற் குண்டுகள் பட்டுத் தெறித்தன. அதனால் அவர்கள் சாவு நீண்டது. இதனைக் கூறுபவர் எதிரிகள் அல்லர். கொலைக்குத் தலைமை தாங்கிய யூரொவ்ஸ்கியின் குறிப்பே கூறுகிறது. அக்குறிப்பு பொதுமக்கள் பார்வைக்கு வந்த ஆண்டு 1989.

குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டதைச் சோவியத் எழுத்தாளர் பிக்கொவ் 1926இல் வெளியிட்ட நூல் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. மொஸ்கோவிலிருந்து கட்டளை சென்றதா, யூரல் சோவியத் தானே தீர்மானித்ததா என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. அது தலைநகரில் எடுக்கப்பட்ட முடிவு எனச் சுவெர்த்லொவ் தம்மிடம் கூறியதாக ட்ரொட்ஸ்கி 1935இல் நாட்குறிப்பில் எழுதினார். எழுத்திலான கட்டளை எதுவும் கிடைக்கவில்லை. வெண்படையினரும் செக் படையினரும் நகரை நெருங்கிக்கொண்டிருந்தனர். ஜூலை 25இல் நகர் அவர்கள் வசமாயிற்று. உள்நாட்டுப் போரின் நெருக்கடியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், நெருக்கடி மன்னனின் கொலையை விளக்கக்கூடும். சமையற்காரரின் கொலையையும் பதின்மூன்று வயதுச் சிறுவனின் கொலையையும் அது நியாயமாக்காது. இதனைக் கூறத் தயங்குவோர் முற்போக்கின் பெயரால் தயங்க வேண்டியதில்லை. சாருக்குப் பகிரங்க விசாரணை நடத்த வேண்டும் என்பது ட்ரொட்ஸ்கியின் விருப்பமாகவே இருந்தது. அவ்விசாரணை நடந்திருப்பின், கொடின்காவும் லேனாவும் உலகறிய ஏட்டில் ஏறியிருக்கும்.

இதற்கு ஒப்புநோக்கத்தக்க வேறு சான்றுகள் வரலாற்றில் உள. இங்கிலாந்தின் முதலாம் சாள்ஸ் 1649இலும் பிரான்சின் பதினாறாம் லூயி 1793இலும் விசாரிக்கப்பட்டு மக்கள் முன்னிலையில் தலை துண்டிக்கப்பட்டனர். தாமே பதினாறாம் லூயி எனக் கூறிக்கொண்டு பின்னர் ஒருவரும் புறப்படவில்லை. ஆனால் அவன் மகன், பத்து வயதுச் சிறுவன், 1795இற் சிறையினுள் யாரும் காணாது நோயால் இறந்தான். அவன் பெயரால் உரிமை கோரியோர் பலர். அவர்களுட் புகழ்பெற்ற நவுண்டோர்ஃப் 1845இல் ஒல்லாந்தில் இறக்கும்வரை தன் கூற்றைக் கைவிடவில்லை. பேணப்பட்டிருந்த அச்சிறுவனின் இதயத்தை 2000ஆம் ஆண்டில் மரபணுச் சோதனைக்கு உட்படுத்திய பின்னரே அவ்விவகாரம் ஓய்ந்தது. வெளிப்படையாக நிகழ்ந்த சாவு ஐதீகத்தை ஈனுவதில்லை. மறைக்கப்பட்ட சாவே ஈனுகிறது.

ருஷ்ய வரலாற்றிலும் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1591இல் ஊக்லிச்சில் இறந்த இளவரசன் திமித்ரி தானே எனக் கூறியவன் 1605இல் மொஸ்கோவில் முடிசூடினான். அக்குழப்பத்தின் முடிவிலேதான் 1613இல் ரொமானொவ் வம்சம் அரியணை ஏறிற்று. முதலாம் அலெக்சாண்டர் 1825இல் இறக்கவில்லை, சைபீரியாவில் துறவியாக வாழ்ந்தார் என்ற கதையை மக்கள் நம்பினர். தோல்ஸ்தோயே அதனைப் பொருளாகக் கொண்டு முற்றுப்பெறாத ஒரு படைப்பை எழுதினார். இவ்வரிசையில் நமக்கு முதன்மையானவன் புகச்சோவ். 1762இற் கொல்லப்பட்ட மூன்றாம் பீற்றர் தானே என 1773இல் அறிவித்த இக்கொசாக்கியனைப் பண்ணை அடிமைகளும் பஷ்கீரியரும் யூரல் ஆலைகளின் தொழிலாளரும் பின்பற்றினர். இறந்த மன்னன் உயிரோடிருக்கிறான், அவன் நம்மை விடுவிப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. இல்லாத மன்னனின் பெயரால் இருக்கும் மன்னருக்கு எதிராக மக்கள் எழுந்தனர். 1775இல் அவனை மொஸ்கோவிற் கொல்லும்வரை பேரரசு நடுங்கியது.

தப்பிய மன்னன் பற்றிய ஐதீகம் பதினெட்டாம் நூற்றாண்டிற் குடியானவரின் படைக்கலம். இருபதாம் நூற்றாண்டில் அதே ஐதீகம் திரையரங்கிற்குச் சென்றபோது எழுச்சி நீங்கி ஏக்கம் மட்டும் எஞ்சியது. ஐதீகத்தின் வடிவம் மாறவில்லை. அதனை வைத்திருப்போர் மாறினர். ஆகவே ஐதீகம் இயல்பாகவே பிற்போக்கானது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

புகச்சோவை இலக்கியமாக்கிய புஷ்கின் கையாண்ட முறையும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1834இற் கிளர்ச்சியின் வரலாற்றை ஆவணங்களைக் கொண்டு தனி நூலாக எழுதினார். 1836இல் ‘கப்டனின் மகள்’ என்னும் நாவலை வெளியிட்டார். வரலாற்றில் ஆராய்ந்தவன்தான் நாவலில் மனிதனாக வருகிறான். நாவலின் நாயகன் புகச்சோவும் அல்லன், அரசியும் அல்லள். இரு தரப்புக்கும் இடையே அகப்பட்ட சாதாரண இளம் படையதிகாரி. வரலாற்று நாவல் பற்றி ஆராய்ந்த லூக்காச், ஸ்கொட்டின் நாவல்களிற் பெரும் வரலாற்று மாந்தர் ஓரத்தில் நிற்க நடுத்தர மாந்தர் நடுவில் நிற்பதை ஒரு பலமாகக் கண்டார். அனஸ்தாஸியாக் கதைகள் இதனைத் தலைகீழாக்குகின்றன. அங்கு நடுவில் இளவரசி. ஓரத்தில் முகமற்ற கூட்டம்.

நிகழ்ந்த வரலாற்றில் நடுவில் நின்றவள் ஒரு தொழிலாளி என்பதுதான் வியப்பு. 1920 பெப்ரவரியில் பேர்லின் நகரக் கால்வாயொன்றிற் குதித்த இளம்பெண் ஒருத்தி காப்பாற்றப்பட்டாள். பெயர் கூற மறுத்த அவளை மனநோய் மருத்துவமனையில் ‘பெயர் தெரியாத பெண்’ எனப் பதிவு செய்தனர். அங்கிருந்த மற்றொரு நோயாளி அவளைச் சாரின் மகள் தத்தியானா என்றாள். பின்னர் அவள் அனஸ்தாஸியா ஆனாள். அன்னா அண்டர்சன் என்ற பெயருடன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவள் அக்கூற்றுடன் வாழ்ந்தாள். 1938இல் தொடங்கிய வழக்கு 1970இல் முடிவுற்றபோது, அவள் கூற்று நிரூபிக்கப்படவில்லை என்றே மேற்கு ஜேர்மனிய உயர்நீதிமன்றம் கூறியது. அது பொய்யென நிறுவப்பட்டதாகவும் கூறவில்லை. 1956இல் இங்கிரிட் பெர்க்மன் நடித்து ஒஸ்கார் பரிசு பெற்ற ‘அனஸ்தாஸியா’ திரைப்படம் அவள் கதையைத் தழுவியது. 1984இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் அவள் இறந்தாள். 1994இல் நடந்த மரபணுச் சோதனை அவள் ரொமானொவ் குடும்பத்தவள் அல்லள் எனக் காட்டியது. 1927இலேயே பேர்லின் பத்திரிகையொன்று கூறியிருந்தவாறு, அவள் பிரான்சிஸ்கா ஷன்ஸ்கொவ்ஸ்கா என்னும் போலிஷ் தொழிலாளிப் பெண் என்பது உறுதியாயிற்று.

இப்பிரான்சிஸ்கா யார்? 1896இல் அன்றைய பிரஷ்யாவிற் பிறந்து பிழைப்புத் தேடி பேர்லினுக்கு வந்தவள். போர்க்காலத்தில் வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். 1916இல் அவள் கையிலிருந்து நழுவிய குண்டு வெடித்து மேற்பார்வையாளர் ஒருவர் அவள் கண்முன்னே இறந்தார், அவளும் காயமுற்றாள். அவள் மனம் பேதலித்தது. அவள் உடலிலிருந்த தழும்புகளைக் கண்டோர், யெக்கத்தரின்பேர்க் கீழறையிற் பட்ட காயம் என அவற்றைக் கொண்டனர். அவை போர்க்காலத் தொழிற்சாலை இட்ட வடுக்களாக இருக்கலாம் என எண்ணிப் பார்த்தோர் சிலரே. தொழிலாளியாக இருந்தவரை அவளை எவரும் பொருட்படுத்தவில்லை. இளவரசி என்றதும் மாளிகைகள் திறந்தன, சட்டத்தரணிகள் வந்தனர், நூல்கள் எழுதப்பட்டன. அவளை மோசக்காரி என்று கூறி முடித்துவிடும் வாசகரோடு நாம் உடன்படவில்லை. தன் துன்பத்தை உலகம் செவிமடுக்க அவளுக்குக் கிடைத்த ஒரே வேடம் அதுவாக இருந்தது. மாயப்புனைவு எழுதுவோர் விரும்பின், இங்கே அவர்கள் கற்பனைக்கு எட்டாத கதை காத்திருக்கிறது.

மறைப்பு 1918உடன் முடியவுமில்லை. இபாத்தியெவின் வீடு 1977 செப்டெம்பரில் இடிக்கப்பட்டது. யாத்திரிகர் கூடும் இடமாக அது மாறுவதைக் கட்சித் தலைமை விரும்பவில்லை. அவ்வேளை அப்பிரதேசத்தின் கட்சிச் செயலாளராக இருந்து அதனை நிறைவேற்றியவர் பொரிஸ் யெல்ட்சின். வீட்டை இடித்தால் நினைவு அழியும் என்ற கணக்குப் பிழைத்தது. 1979இல் ஆர்வலர் சிலர் நகருக்கு வெளியே காட்டுப் பாதையில் எலும்புகளைக் கண்டு, அச்சத்தால் மீண்டும் புதைத்தனர். 1991இல் அவை முறைப்படி அகழ்ந்தெடுக்கப்பட்டன. எலும்புகள் ஒன்பது பேருக்கே உரியனவாக இருந்தன, இருவர் இல்லை. அது போதும், ஐதீகம் மீண்டும் தளிர்த்தது. சித்திரப்படம் அந்த இடைவெளியிலேதான் வெளிவந்தது. எஞ்சிய இருவரின் எலும்புத் துண்டுகள் 2007இற் கிடைத்து, அடுத்த இரு ஆண்டுகளில் மரபணுச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டன. தப்பியவர் எவருமில்லை. வீடு நின்ற இடத்தில் 2003இல் தேவாலயம் எழுந்தது.

2017இல் நியூயோர்க் மேடையேறிய ‘அனஸ்தாஸியா’ இசைநாடகத்திலிருந்து ரஸ்புட்டீன் நீக்கப்பட்டான். அவன் இடத்தில் வந்தவன் ஒரு போல்ஷெவிக் அதிகாரி. சாபம் போயிற்று, முன்னேற்றந்தானே எனச் சிலர் மகிழக்கூடும். சூனியக்காரன் சீருடை அணிந்தான் என்பதே நம் கருத்து. பாண் கேட்ட பெண்கள் இன்னும் மேடைக்கு வரவில்லை.

பிள்ளைகளுக்காக உருகும் வாசகரிடம் நாம் சண்டையிட வேண்டியதில்லை. அவர்களது இரக்கம் மெய்யானது. அவ்விரக்கம் இன்னும் எத்தனை பேரை எட்டும் என்பதே கேள்வி. அதே அறையில் இறந்த மற்றை நால்வரிடமாவது அது சென்றதா? ருஷ்யத் திருச்சபை 2000ஆம் ஆண்டில் அரச குடும்பத்தவர் எழுவருக்குப் புனிதர் நிலை வழங்கியது. மருத்துவர் பொட்கினுக்கு 2016இல் வழங்கியது. சமையற்காரரும் ஏவலாளரும் பணிப்பெண்ணும் அப்பட்டியலிற் சேரவில்லை. பணிப்பெண் தெமிதொவா அரசியின் நகைகள் வைத்துத் தைக்கப்பட்ட தலையணையைக் கையில் ஏந்தியபடி அவ்வறைக்குட் சென்றாள். முதல் வேட்டுக்களில் அவள் இறக்கவில்லை. துப்பாக்கிமுனை ஈட்டியாற் குத்திக் கொல்லப்பட்டாள். இளவரசியர் பெயரால் எத்தனையோ பெண்கள் உரிமை கோரினர். தானே தெமிதொவா எனக் கூறிக்கொண்டு வந்த எவரையும் இவ்வரலாற்றில் நாம் காணவில்லை. 1998 ஜூலை 17இல், அன்று ஜனாதிபதியாக இருந்த யெல்ட்சின் தலைவணங்கி நிற்க, சென்பீற்றர்ஸ்பேர்க் பேராலயத்தில் அவளுடைய எலும்புகளும் அவள் ஏவல் செய்த குடும்பத்தவரின் எலும்புகளோடு அடக்கம் செய்யப்பட்டன.